கையொப்பமிடாத உரிமையாளர்: நியூசிலாந்தின் ‘மூன்று நீர்’ சீர்திருத்தமும் அதன் தோல்வியும்

2016 ஆகஸ்டில் பெய்த பெருமழையில், நியூசிலாந்தின் ஹாவ்லாக் நார்த் என்னும் சிற்றூரின் குடிநீர்க் கிணறுகளுக்குள் ஆட்டுக்கழிவு கலந்த நீர் இறங்கியது. அவ்வூர்க் குடிநீரில் குளோரின் கலக்கும் வழக்கமில்லை. 5,000 பேருக்கும் மேல் வயிற்றுப்போக்கில் வீழ்ந்தனர், உயிர்களும் போயின. குறை ஓர் ஊரோடு முடியவில்லை என்றது அரசின் விசாரணை. குடிநீர், கழிவுநீர், மழைநீர் மூன்றையும் 67 உள்ளாட்சி மன்றங்கள் தனித்தனியே பார்த்துவந்தன. குழாய்களைச் சீர்செய்ய 30 ஆண்டுகளில் 12,000 கோடி முதல் 18,500 கோடி டாலர் வரை வேண்டும் என்று அரசு மதிப்பிட்டது.

சீர்திருத்தத்தின் தேவை உண்மையானது, அதை மறுத்தவர்களை நான் ஏற்கவில்லை. ஆனால் எதிர்ப்பு முழுவதையும் அறியாமை என்று ஒதுக்குவதும் பிழை. 2021 அக்டோபரில் அமைச்சர் நனையா மஹுதா, எல்லா மன்றங்களின் நீர்ப்பணிகளும் நான்கு நிறுவனங்களுக்குக் கட்டாயமாக மாறும் என்று அறிவித்தார். சேர்வதா வேண்டாமா என்பது மன்றங்களின் விருப்பம் என்றே அதுவரை சொல்லப்பட்டிருந்தது. எதிர்ப்பின் வேர் அந்தச் சொல் மாறியதில் இருக்கிறது.

சிக்கலின் மையம் கடன். கடன் நிரம்பிய மன்றங்களால் மேலும் வாங்க இயலாது. ஆகவே புதிய நிறுவனங்களின் கடன் மன்றங்களின் கணக்கில் ஏறக்கூடாது. அதற்காக, மன்றங்கள் சட்டப்படி உரிமையாளர்களாக இருக்கும், ஆனால் நிதியிலும் நிர்வாகத்திலும் அவற்றுக்குப் பிடி இராது என்ற ஏற்பாடு வகுக்கப்பட்டது. மக்களின் சொத்து மக்களிடமே இருக்கிறது என்று அரசு சொன்னது பொய்யல்ல. நிலப்பட்டா நம் பெயரில் இருக்க, வாய்க்கால் மடையைத் திறக்கும் உரிமை வேறொருவருக்குப் போனது போன்ற நிலை அது. சுமார் 30 மன்றங்கள் எதிர்ப்புக் கூட்டணியாகத் திரண்டதற்கு உரிமையின் இந்த வெறுமையே போதிய காரணம்.

அவ்வெறுமைக்குள் வேறொரு அச்சமும் புகுந்தது. நிறுவனங்களை மேற்பார்க்கும் குழுக்களில் மன்றப் பிரதிநிதிகளும் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டியிருந்தது. அக்குழுக்கள் அன்றாட நிர்வாகத்தை நடத்துவன அல்ல. இருந்தும், மன்றங்கள் இழந்த அதிகாரம் மாவோரிகளிடம் போய்ச்சேர்ந்தது என்ற பேச்சு பரவியது. மாவோரிகளும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட 1840 வைதாங்கி உடன்படிக்கையின் வழி வந்த உரிமையைப் பறிமுதலாகக் காட்டிய இப்பேச்சு நியாயமற்றது. எதிர்ப்பின் வலுவான வாதத்தையும் அது மறைத்துவிட்டது.

2023இல் நிறுவனங்கள் பத்தாகப் பிரிக்கப்பட்டன, சீர்திருத்தத்தின் பெயரும் மாறியது. மக்கள் மனம் மாறவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் வென்ற தேசியக் கட்சியின் கூட்டணி 2024 பிப்ரவரியில் சட்டங்களை நீக்கியது. அடுத்து வந்ததே என் வாதத்துக்கு வலுவான சான்று. மன்றங்களின் கட்டுப்பாட்டிலுள்ள நீர் நிறுவனங்கள், உள்ளாட்சி நிதி முகமை வழியாக வருவாயில் ஐந்து மடங்குவரை கடன் பெறலாம் என்றாயிற்று. கடனுக்காக உரிமையாளரின் கையைக் கட்டியே ஆகவேண்டும் என்பது இயற்கை விதியல்ல. அது ஒரு தேர்வு. அந்தத் தேர்வை 2021இல் மன்றங்களோடு அமர்ந்து பேசியிருக்கலாம். பேசாததால் ஆண்டுகள் கழிந்தன. மண்ணுக்கடியில் குழாய்கள் மேலும் பழையனவாயின.