ஒரு நகரமே மஞ்சளான கதை

போன செமஸ்டரில் என் அறை நண்பன் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துவிட்டான். பரீட்சைகூட எழுத முடியவில்லை. ஹெபடைடிஸ் ஏ என்றார் டாக்டர். "சின்ன வயசுல வந்திருந்தா உனக்குத் தெரியாமலே போயிருக்கும்பா" என்றும் சொன்னார். அதெப்படி? நான் படிப்பதோ காமர்ஸ். புரியாமல் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் ஷாங்காய் நகரத்தின் கதை.

1987 இறுதியில் சீனாவின் சிடோங் கடற்கரையில் மட்டி ஏராளமாகக் கிடைத்தது. சரக்கு அதிகம், விலை மலிவு, பக்கத்திலேயே ஷாங்காய் என்ற பெரிய சந்தை. வியாபாரம் அமோகம்! ஷாங்காய்க்காரர்களுக்கு மட்டியை வேகவைக்கும் வழக்கமில்லை. மேலே கொதிநீரை ஊற்றி, அரைப்பச்சையாகவே சாப்பிடுவார்கள். அங்கேதான் வினை.

மட்டி கடல்நீரை வடிகட்டி இரை தேடும் உயிர். அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அதிலுள்ள வைரஸும் மட்டிக்குள் சேர்ந்துவிடும். இந்த வைரஸ் லேசான சூட்டுக்கெல்லாம் சாகாது. 85 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும்.

இன்னொரு சிக்கல், வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய சராசரியாக 4 வாரம் ஆகும். அதற்குள் ஊரே சாப்பிட்டு முடித்திருந்தது. 1988 ஜனவரியில் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். சில மாதங்களில் சுமார் 3 லட்சம் பேருக்கு நோய். ஆஸ்பத்திரிகளில் இடமில்லாமல் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் வார்டுகளாயின. நாம் கீழாநெல்லியைத் தேடுவதுபோல அவர்கள் பான்லான்கென் என்ற வேர் மருந்துக்கு அலைந்தார்கள்.

சரி, யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? குழந்தைகளுக்கோ முதியவர்களுக்கோ அல்ல, 20 முதல் 39 வயதுக்காரர்களுக்கு! டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிறு குழந்தைகளுக்கு இது வந்தால் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி. பழைய ஷாங்காயில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் தப்பினார்கள். ஊர் சுத்தமாகத் தொடங்கிய பிறகு வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதில் நோயும் வரவில்லை, எதிர்ப்புச் சக்தியும் வரவில்லை. பெரியவர்களானதும் மொத்தமாக மாட்டிக்கொண்டார்கள்.

அதற்காக ஊர் அசுத்தமாகவே இருக்கட்டும் என்று விட முடியுமா? அந்த இடைவெளியை நிரப்பத்தான் தடுப்பூசி. 1973-ல் ஃபைன்ஸ்டோன், கபிகியன், பர்செல் மூவரும் இந்த வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்தார்கள். 1979-ல் ப்ரோவோஸ்ட்டும் ஹில்மேனும் அதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் ஷாங்காய் படுத்த 1988-ல் தடுப்பூசி இன்னும் விற்பனைக்கு வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில்தான் வந்தது. எவ்வளவு அருகில் வந்து தவறிவிட்டது பாருங்கள்!

சீனா பாடம் கற்றது. ஷாங்காயில் அந்த மட்டியை விற்கத் தடை வந்தது. 1992-ல் சொந்தத் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தார்கள். 2008-ல் அதைக் குழந்தைகளுக்கான தேசிய இலவசத் திட்டத்தில் சேர்த்தார்கள். நோயும் வெகுவாகக் குறைந்தது.

கேன் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை நாம். ஒருநாள் விடுதியிலோ ரோட்டுக்கடையிலோ முதன்முறையாக அந்த வைரஸைச் சந்திக்கப்போகிறவர்களும் நாம்தான். என் நண்பன் அப்படித்தான் சந்தித்தான். நான் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கப் போகிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்களேன்.