குப்புறக் கிடத்தல் பயிற்சி

குப்புறக் கிடத்தல் பயிற்சி என்பது விழித்திருக்கும் கைக்குழந்தையைப் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில், வயிறு கீழே படும்படி சிறிது நேரம் கிடத்தி விளையாட விடுவதாகும். ஆங்கில வழக்கை ஒட்டி இது "டம்மி டைம்" என்றும் அழைக்கப்படுகிறது. கழுத்து, தோள், முதுகு, கை ஆகியவற்றின் தசைகள் வலுப்பெறவும், தலையின் பின்புறம் தட்டையாவதைத் தவிர்க்கவும் இப்பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.

தூங்கும்பொழுது குழந்தையை மல்லாக்கக் கிடத்த வேண்டும். விழித்திருக்கும்பொழுது அவ்வப்போது குப்புறக் கிடத்த வேண்டும். இந்த வேறுபாடே இப்பயிற்சியின் அடிப்படையாகும். தூங்கும் குழந்தையைக் குப்புறக் கிடத்துவது அதன் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

சொற்பயன்பாடு

முகமும் வயிறும் கீழ்நோக்கி இருக்கும் கிடையைக் குப்புற என்றும், முதுகு தரையில் படும் கிடையை மல்லாக்க என்றும் தமிழில் குறிப்பிடுவர். மல்லாந்து கிடக்கும் குழந்தை தானாகவே புரண்டு வயிற்றின்மேல் வருவது "குப்புற விழுதல்" அல்லது "கவிழ்தல்" எனப்படும். இது குழந்தை தன் முயற்சியால் அடையும் வளர்ச்சிப் படியாகும். குப்புறக் கிடத்தல் பயிற்சியோ, குழந்தை தானே புரளத் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே பெரியவர்கள் செய்விப்பதாகும்.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகள் பலவற்றில் குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்கும் வழக்கம் பரவியது. மல்லாந்து தூங்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்பதும், தலை ஒருபக்கம் தட்டையாகும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய, உலகெங்கும் பெரிதும் விற்பனையான குழந்தை வளர்ப்பு நூலின் 1950களின் பிற்பகுதிப் பதிப்பும் இவ்வாறே அறிவுரை கூறியது. இக்காலத்துக் குழந்தைகள் தூக்கத்திலேயே நெடுநேரம் குப்புறக் கிடந்தமையால், தனியாக ஒரு பயிற்சி தேவைப்படவில்லை.

உடல்நலத்துடன் காணப்பட்ட குழந்தை, விளக்கக்கூடிய காரணம் ஏதுமின்றித் தூக்கத்தில் இறந்துபோவது திடீர்க் குழந்தை இறப்புக் கூட்டறிகுறி எனப்படும். குழந்தைகளை மல்லாக்கக் கிடத்தும் வழக்கமுள்ள ஆங்காங்கில் இத்தகைய இறப்பு அரிதாக இருப்பதை 1985இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. 1980களின் பிற்பகுதியில் நியூசிலாந்து முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், குப்புறத் தூங்குவது இவ்விறப்பின் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டுகிறது என்று நிறுவின. இதையடுத்து நெதர்லாந்தில் 1987இலும், நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் 1991இலும், அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கத் தூங்க வைக்குமாறு கோரும் பரப்புரைகள் தொடங்கப்பட்டன. அமெரிக்காவில் 1990இல் உயிருடன் பிறந்த 1,00,000 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 130 ஆக இருந்த இவ்வகை இறப்பு, 2020இல் ஏறத்தாழ 38 ஆகக் குறைந்தது. இறப்புக் காரணங்களை வகைப்படுத்தும் முறை மாறியதும் இக்குறைவில் ஒரு பங்கு வகிக்கிறது.

கிடைத்த சான்றுகளை 1970லேயே முறையாகத் தொகுத்து ஆராய்ந்திருந்தால், பிரித்தானியாவில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் இறப்பையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆசுத்திரலேசியா ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழந்தைகளின் இறப்பையும் தடுத்திருக்கலாம் என்று ரூத் கில்பர்ட்டும் பிறரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. நல்லெண்ணத்துடன் கூறப்பட்ட அறிவுரையும் சோதிக்கப்படாவிடில் தீங்காக முடியலாம் என்பதற்கு இது மருத்துவ உலகில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

மல்லாக்கத் தூங்கும் வழக்கம் பரவிய பின்னர் இரண்டு விளைவுகள் கவனிக்கப்பட்டன. முதலாவது, தலையின் பின்புறம் தட்டையாகும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. இரண்டாவது, புரளுதல், தவழ்தல் போன்றவை சற்றுத் தாமதமாயின. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குப்புறத் தூங்கிய குழந்தைகள் இவற்றை முன்னதாகச் செய்தன. எனினும் நடக்கத் தொடங்கிய வயதில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. தூக்கத்தில் மல்லாந்த நிலை தரும் பாதுகாப்பைக் கைவிடாமல் இவ்விளைவுகளை ஈடுசெய்யும் வழியாகவே விழிப்பு நேரக் குப்புறக் கிடத்தல் பரிந்துரைக்கப்படலாயிற்று.

உடல் இயங்கும் விதம்

பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆகும். உடலோடு ஒப்பிடுகையில் அது பெரும் சுமை. மல்லாந்து கிடக்கும்பொழுது அச்சுமையைப் படுக்கை தாங்குகிறது. குப்புறக் கிடக்கும்பொழுதோ, முகத்தைத் தரையிலிருந்து விலக்கவும் சுற்றிலும் பார்க்கவும் குழந்தை புவியீர்ப்புக்கு எதிராகத் தலையைத் தூக்க வேண்டியுள்ளது. இதனால் கழுத்தின் பின்புறத் தசைகளும் முதுகெலும்பை ஒட்டிய தசைகளும் வேலை செய்கின்றன. பின்னர் முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி மார்பைத் தூக்கும்பொழுது தோள், மேற்கை, வயிறு ஆகியவற்றின் தசைகளும் சேர்ந்துகொள்கின்றன.

பிறக்கும்பொழுது முதுகெலும்பு பெரும்பாலும் ஒரே வளைவாக இருக்கும். குழந்தை தலையை நிமிர்த்திப் பிடிக்கத் தொடங்குகையில் கழுத்துப் பகுதியின் முன்வளைவும், நிற்கவும் நடக்கவும் தொடங்குகையில் இடுப்புப் பகுதியின் முன்வளைவும் தெளிவாகின்றன.

பயன்கள்

2020இல் வெளியான ஒரு முறைப்படுத்திய மீளாய்வு, 8 நாடுகளைச் சேர்ந்த 4,237 குழந்தைகளைப் பற்றிய 16 கட்டுரைகளை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் பின்வருமாறு:

* பெருந்தசை இயக்க வளர்ச்சி, புரளுதல், தவழ்தல் ஆகியவற்றுடன் இப்பயிற்சிக்கு நேர்த்தொடர்பு காணப்பட்டது.
* தலையின் பின்புறம் முழுவதும் தட்டையாவதைத் தடுப்பதிலும் தொடர்பு காணப்பட்டது.
* தலை ஒருபக்கமாகச் சரிந்து தட்டையாதல், உட்காருதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றில் உறுதியான முடிவு கிடைக்கவில்லை.
* விரல்களின் நுண்ணியக்கம், மொழித் தொடர்பு ஆகியவற்றுடன் தொடர்பு காணப்படவில்லை.

ஆகவே இப்பயிற்சி குழந்தையை அறிவாளியாக்கும், விரைவில் பேச வைக்கும் என்பன போன்ற கூற்றுகளுக்கு இம்மீளாய்வில் ஆதரவு இல்லை.

எவ்வளவு நேரம்

உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இன்னும் தானாக நகராத குழந்தை விழித்திருக்கும் வேளையில் ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடங்களாவது குப்புறக் கிடக்க வேண்டும். இது பல சிறு வேளைகளாகப் பிரிக்கப்பட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் இதனைத் தொடங்கி, 7 வார வயதுக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடங்கள் என்ற அளவை எட்டுமாறு கூறுகிறது. தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடங்களே போதுமானவை.

செய்முறை

குழந்தை நன்கு விழித்து, பசியின்றி, மகிழ்ச்சியாக இருக்கும் நேரம் ஏற்றது. பால் குடித்தவுடன் செய்தால் வயிறு அழுந்திப் பால் வெளிவரலாம். துணி மாற்றிய பின்னரோ தூங்கி எழுந்த பின்னரோ செய்வதை வழக்கமாக்கினால் மறவாமல் இருக்கும். பின்வரும் நிலைகள் கையாளப்படுகின்றன:

* மார்பின்மேல்: பெரியவர் சாய்ந்து அமர்ந்து, குழந்தையைத் தம் மார்பில் முகம் பார்க்கக் கிடத்துதல். பிறந்த சில நாட்களில் தொடங்குவதற்கு இது எளிது. சாய்ந்திருக்கும் கோணத்தால் தலையைத் தூக்கும் உழைப்பு குறைகிறது. பெரியவருக்கு உறக்கம் வருமானால் இதனைத் தவிர்க்க வேண்டும்.
* மடியின்மேல்: தொடைகளின் குறுக்கே கிடத்தி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளுதல்.
* தரையில்: பாய் அல்லது மெல்லிய போர்வை விரித்த, சமமான உறுதியான தரையில் கிடத்துதல். முழங்கைகள் தோளுக்குக் கீழே வருமாறு வைத்தால் குழந்தை எளிதில் ஊன்றும்.
* துணிச் சுருளின்மேல்: துண்டு ஒன்றைச் சுருட்டி மார்பின் கீழ், அக்குள்களை ஒட்டி வைத்து, கைகளை முன்னே விடுதல்.

குழந்தையின் கண்மட்டத்தில் பெரியவரும் குனிந்தோ படுத்தோ பேசினால் குழந்தை முகத்தைக் காண்பதற்காகத் தலையைத் தூக்கும். கிலுகிலுப்பையை ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் அசைத்தால் கழுத்தின் இரு பக்கங்களும் சமமாகப் பழகும்.

பல குழந்தைகள் தொடக்கத்தில் இந்நிலையை விரும்பாமல் சிணுங்கும். உடனே கைவிடாமல் சில நொடிகள் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். அழுகை தொடர்ந்தால் தூக்கிக்கொண்டு, வேறு வேளையில் மீண்டும் முயல வேண்டும். அழவிட்டுச் செய்விப்பது இப்பயிற்சியின் நோக்கமன்று.

வளர்ச்சிப் படிகள்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய பட்டியலின்படி, பெரும்பாலான குழந்தைகள் குப்புறக் கிடக்கும்பொழுது பின்வருவனவற்றைச் செய்யும்:

* 2 மாதத்தில்: தலையைத் தூக்கிப் பிடித்தல்.
* 4 மாதத்தில்: முழங்கைகளை ஊன்றி மேலெழும்புதல்.
* 6 மாதத்தில்: கைகளை நேராக நீட்டி மார்பைத் தூக்குதல், குப்புறக் கிடையிலிருந்து மல்லாந்து புரளுதல்.

குழந்தைகளிடையே இயல்பான வேறுபாடு மிகுதி. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக நலவாழ்வு அமைப்பு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழத் தொடங்கும் வயது 5.2 மாதம் முதல் 13.5 மாதம் வரை பரவியிருந்தது. ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் குழந்தைகள் அவ்வாறு தவழாமலேயே அடுத்த படிகளுக்குச் சென்றன.

பாதுகாப்பு

* குப்புறக் கிடக்கும் குழந்தையை நொடிப்பொழுதும் தனியே விடக் கூடாது.
* தலையணை, மெத்தை, கனத்த போர்வை ஆகியவற்றின் மேல் கிடத்தக் கூடாது. முகம் புதைந்து மூச்சு தடைப்படலாம்.
* கட்டில், மேசை போன்ற உயரமான இடங்களைத் தவிர்க்க வேண்டும். குழந்தை எதிர்பாராமல் புரண்டு விழக்கூடும்.
* கண் சொருகினாலோ தலை தளர்ந்தாலோ மல்லாக்கத் திருப்பி, தூங்குமிடத்திற்கு மாற்ற வேண்டும்.

மல்லாந்து தூங்கினால் பால் மூச்சுக்குழலில் ஏறும் என்ற அச்சம் இன்றும் பல வீடுகளில் உள்ளது. உண்மையில் மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே அமைகிறது. எதுக்களித்த பால் புவியீர்ப்பை எதிர்த்தே அதனுள் செல்ல வேண்டும். குப்புறக் கிடையில் மூச்சுக்குழல் கீழே அமைவதால் நிலைமை தலைகீழாகிறது. ஆகவே ஒரு வயது வரை ஒவ்வொரு முறையும் குழந்தையை மல்லாக்கவே தூங்க வைக்க வேண்டும். இருபுறமும் தானே புரளக் கற்றுக்கொண்ட குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் அவ்வாறே விட்டுவிடலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து அன்றி, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இத்தகைய குழந்தைக்கும், அறுவை மருத்துவம் செய்யப்பட்ட குழந்தைக்கும் மருத்துவரின் அறிவுரைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடங்குவது நன்று. எப்பொழுதும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்தல், உடல் மிகத் தளர்ந்தோ விறைத்தோ இருத்தல், 4 மாதத்திலும் தலை நிற்காதிருத்தல், முன்பு செய்த ஒன்றைச் செய்யாமல் விடுதல் ஆகியவை காணப்பட்டால் தாமதமின்றிக் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தமிழர் வழக்கில்

கால்களை நீட்டி அமர்ந்த பாட்டியோ தாயோ குழந்தையைத் தம் கால்களின்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது தமிழர் வீடுகளில் நெடுங்கால வழக்கமாகும். விழித்திருக்கும் குழந்தை, பெரியவரின் கைப்பிடியில் சிறிது நேரம் வயிற்றின்மேல் கிடப்பதால் மடியின்மேல் கிடத்தும் முறையை இது ஒத்துள்ளது.

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் இரண்டாவதான செங்கீரைப் பருவம், குழந்தையின் ஐந்தாம் மாதத்திற்கு உரியதாகக் கூறப்படும். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து முகம் அசைய ஆடும் குழந்தையை அப்பருவம் பாடுகிறது. தற்கால மருத்துவப் பட்டியல்கள் 4 முதல் 6 மாதத்திற்குக் குறிப்பிடும் கை ஊன்றி எழும்பும் நிலையுடன் இது பெரிதும் பொருந்துகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* குழந்தை வளர்ச்சி
* தவழ்தல்
* திடீர்க் குழந்தை இறப்புக் கூட்டறிகுறி
* பிள்ளைத்தமிழ்