தண்டர்பேர்டும் க்னூஸும்: விண்டோஸில் செய்திக்குழு வாசிப்பு

2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸில் யூஸ்நெட் செய்திக்குழுக்களின் புதிய பதிவுகள் வருவது நின்றுபோனது. பிரவுசரிலேயே செய்திக்குழுக்களை வாசித்துப் பழகியவர்களுக்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. விண்டோஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டை இங்கே பார்க்கலாம். ஒன்று, 2004 டிசம்பரில் 1.0 பதிப்பு கண்ட தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். மற்றது, ஈமாக்ஸ் எடிட்டருக்குள்ளேயே இருக்கும் க்னூஸ். ஜப்பானின் மசனோபு உமேதா 1980களின் பிற்பகுதியில் எழுதியதை, நார்வேயின் லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் 1990களில் அடியோடு மாற்றி எழுதினார்.

இரண்டும் சர்வருடன் பேசுவது என்என்டிபி என்ற ஒரே நெறிமுறையில்தான். ஆனால் தண்டர்பேர்டுக்குச் செய்திக்குழு என்பது இன்னொரு மெயில் ஃபோல்டர். க்னூஸுக்கோ மெயிலே ஒரு செய்திக்குழு. செட்டிங்ஸில் தொடங்கி வாசிப்புவரை உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பார்வையிலிருந்து கிளைப்பவை.

முதலில் சர்வரைச் சேர்ப்பது. எடர்னல் செப்டம்பர் என்ற இலவச சர்வரில் பதிவுசெய்து பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தண்டர்பேர்டில் செய்திக்குழுக் கணக்கு சேர்க்கும் இடத்துக்குப் போனால் பெயர், மின்னஞ்சல் முகவரி, சர்வர் முகவரி என்று ஒவ்வொன்றாக அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு சர்வர் செட்டிங்ஸில் பாதுகாப்பு இணைப்பைத் தேர்ந்தால் போர்ட் 119 என்பது 563 ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை.

க்னூஸ் சர்வர் விவரம் எதையும் கேட்காது. சொல்லாமல் விட்டால் ‘நியூஸ்’ என்ற பெயருள்ள சர்வரைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிடும். சர்வர் முகவரி, போர்ட், இணைப்பு வகை மூன்றையும் க்னூஸுக்கான தொடக்கக் கோப்பில் லிஸ்ப் மொழியில் நாமே எழுத வேண்டும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஆத்இன்ஃபோ என்ற தனிக் கோப்பில் ஒரே வரியாக உட்கார வேண்டும்.

விண்டோஸில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இந்தக் கோப்புகளின் பெயர் புள்ளியில் தொடங்கும். நோட்பேடில் சேமித்தால் அது வாலாக டிஎக்ஸ்டி என்ற நீட்சியை ஒட்டிவிடும். எக்ஸ்ப்ளோரர் வழக்கம்போல் நீட்சியை மறைத்துக் காட்டுவதால் பெயர் சரியாக இருப்பதாகவே தோன்றும். க்னூஸோ கோப்பைக் காணாமல் மறுபடி மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். இன்னொரு சிக்கல், கோப்பு இருக்க வேண்டிய இடம். ‘ஹோம்’ என்ற சூழல் மாறியைத் தனியாக வைக்காதவரை, விண்டோஸ் ஈமாக்ஸ் தன் வீடாகக் கொள்வது ஆப்டேட்டாவுக்குள் உள்ள ரோமிங் ஃபோல்டரை. டாகுமெண்ட்ஸில் போட்டால் அதன் கண்ணில் படாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கோப்பை ஈமாக்ஸுக்குள்ளிருந்தே உருவாக்குவது. தண்டர்பேர்டின் புரொஃபைலும் அதே ரோமிங் ஃபோல்டரில்தான் கிடக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டிய தேவை பயனருக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

பாஸ்வேர்ட் பாதுகாப்பிலும் தண்டர்பேர்ட் முந்துகிறது. அது பாஸ்வேர்டைக் குறியாக்கம் செய்தே வைக்கிறது. வேண்டுமானால் மேலே ஒரு முதன்மைப் பாஸ்வேர்டும் போடலாம். ஆத்இன்ஃபோ வெறும் உரைக்கோப்பு. அதைப் பூட்ட விரும்பினால் விண்டோஸில் ஜிபிஜி மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும்.

இனி வாசிப்பு. பெரிய குழு ஒன்றைத் திறந்தால் இரண்டும் எத்தனை பதிவுகள் வேண்டும் என்று கேட்கும்: க்னூஸ் 200-ஐத் தாண்டினால், தண்டர்பேர்ட் 500-ஐத் தாண்டினால். அதற்குமேல் பாதை பிரிகிறது. தண்டர்பேர்டில் வாசித்த பதிவு பட்டியலிலேயே இருக்கும். தடித்த எழுத்து மெலிவதோடு சரி. க்னூஸில் வாசித்தது அடுத்த முறை பட்டியலில் வராது. புதிதாக ஒன்றும் இல்லாத குழுவின் பெயர்கூட முகப்பில் தெரியாது. புதியவர்கள் பதறும் இடம் இது. பெரிய எல் விசையை அழுத்தினால் எல்லாக் குழுக்களும் திரும்பி வரும். ஆச்சரியக்குறி விசையால் குறித்த பதிவு கண்ணைவிட்டு மறையாது.

வேண்டாததை ஒதுக்குவதில் க்னூஸின் கை ஓங்குகிறது. தண்டர்பேர்டில் கே விசை ஒரு விவாத இழையைப் புறக்கணிக்கும். ஃபில்டர் எழுதி ஆளையோ தலைப்பையோ விலக்கலாம். க்னூஸில் ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண் உண்டு. ஒருவர் எழுதுவது பிடித்தால் ஒரே கட்டளையில் அவர் பதிவுகளுக்கு 1000 கூட்டலாம், பிடிக்காவிட்டால் கழிக்கலாம். தற்காலிக விதி என்றால், அதற்குப் பொருந்தும் பதிவு 7 நாள் வராதபோது தானே காலாவதியாகும். தகவமைப்பு மதிப்பெண்ணை இயக்கிவிட்டால், நாம் எதை வாசிக்கிறோம், எதைத் தள்ளுகிறோம் என்று பார்த்து அதுவே விதிகளைச் சேர்க்கும்.

எழுதியவருக்குத் தனி மெயிலில் பதில் அனுப்ப, தண்டர்பேர்டில் மெயில் கணக்கு இருந்தால் போதும். மெயிலை அனுப்பிவைக்கும் சென்ட்மெயில் நிரல் விண்டோஸில் கிடையாது என்பதால் க்னூஸில் எஸ்எம்டிபி சர்வரையும் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதிய கோப்புகள் நாளை லினக்ஸுக்குப் போனாலும் ஏறக்குறைய அப்படியே வேலை செய்யும்.

மூன்று நான்கு குழுக்களை வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்குத் தண்டர்பேர்டே தாராளம். க்னூஸுக்காக ஒரு மாலையைச் செலவழிப்பது, தினமும் நூற்றுக்கணக்கான பதிவுகளைச் சலித்தெடுக்க வேண்டியவருக்கே கட்டுப்படியாகும். அவரும் ஏற்கெனவே ஈமாக்ஸில் வேலை செய்பவராக இருப்பது நல்லது. செய்தி வாசிப்பதற்கென்றே ஈமாக்ஸ் கற்கத் தொடங்குபவர் பாதி வழியில் திரும்பிவிடுவார்.