சந்திரிகை என்ன ஆனாள்?

கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாரதியாரின் ‘சந்திரிகையின் கதை’யைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது நின்ற இடத்தில் நாமும் நின்றோம். “அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆச்சு, சாமி?” என்றாள் ஒரு சிறுமி. நம்மிடம் விடையில்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் வழியெல்லாம் அக்கேள்வி கூடவே வந்தது.

1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தபோது அக்கதை முற்றுப்பெறாமலே நின்றது. நிலநடுக்கத்தின் நடுவே பிறக்கிறாள் சந்திரிகை. தாய் கோமதி இறக்கும் தறுவாயில், இளம் கைம்பெண்ணான தன் நாத்தி விசாலாட்சியை மறுமணம் செய்துகொள்ளும்படி சொல்லி, குழந்தையையும் அவளிடம் ஒப்படைக்கிறாள். விசாலாட்சிக்கு மணமாகிறது. சந்திரிகையோ இன்னும் சிறுமியாக இருக்கையிலேயே கதை அறுந்துவிடுகிறது. எவள் பெயரைக் கதை தாங்கியதோ, அவள் கதை தொடங்கவேயில்லை!

முற்றுப்பெறாக் கதைக்கு முடிவு தேடுவது உலக வழக்கமே. 1870-இல் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ், ‘எட்வின் ட்ரூட்’ கதையைப் பாதியில் விட்டு இறந்தார். பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட அதில் ஆறே வெளிவந்தன. கொலையாளி யார் என்று தீர்க்க 1914-இல் இலண்டனில் ஒரு போலி வழக்கே நடத்தினர். செஸ்டர்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா நடுவர் குழுத் தலைவர். இறுதியில் நீதிபதி தம்மைத் தவிர எல்லாருக்கும் தண்டம் விதித்தாராம்! நம் மொழியில், 1954-இல் கல்கி மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு ‘அமரதாரா’வை அவர் மகள் ஆனந்தி நிறைவு செய்தார்.

சந்திரிகைக்கோ கதைக்குள்ளேதான் தடயம் தேடவேண்டும். கற்பனை மாந்தரிடையே ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் மெய்ப்பெயரோடு வருகின்றனர். முன்னவர், கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தவர். பின்னவர், 1881-இலேயே இராஜமுந்திரியில் கைம்பெண் மணம் நடத்தியவர். ஆக, விசாலாட்சியின் வாழ்வுக்கு வரலாறு முன்பே வழி வகுத்திருந்தது. தன் விருப்பப்படி வளரும் ஒரு பெண்ணுக்கோ அத்தகைய வழி அன்று அரிது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டமே 1929-இல்தான் வந்தது. பாரதியார் எழுதாது விட்ட பகுதி, சமுதாயம் இன்னும் வாழ்ந்து காட்டாத பகுதி என்பதே நம் துணிபு. தாயின் இறுதி வாக்கு வீணாகும்படி அவர் கதையை முடித்திருப்பார் என்று எண்ண நம் மனம் ஒப்பவில்லை. அந்த வாக்கை நம்பித்தான் கதை முழுதும் நடக்கிறது.

விவிலியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. மாற்கு நற்செய்தி, சினாய், வத்திக்கான் ஆகிய தொன்மைப் படிகளில் 16:8-உடன் நின்றுவிடுகிறது. பெண்கள் கல்லறையை விட்டு அஞ்சி ஓடுகின்றனர், அவ்வளவே. பிற்காலத்தார் அதற்கு முடிவுகள் சேர்த்தனர். ஆயினும் அப்பெண்கள் வாய் திறந்ததனாலன்றோ நற்செய்தி நம்மை எட்டியது? எழுதப்படாத முடிவை வாழ்ந்தவர்கள் எழுதினார்கள்.

அடுத்த முறை மலையேறியபோது அச்சிறுமியிடம், “சந்திரிகை என்ன ஆகியிருப்பாள் என்று நீயே சொல்லேன்” என்றோம். சற்றே யோசித்தாள். “படிச்சிருப்பா, சாமி” என்றாள். அப்பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேரை அம்முடிவு வரை நாம் கொண்டு சேர்ப்போம் என்பதே இப்போது நம்முன் உள்ள கேள்வி.