குடிக்கிற மண்ணும் குடிக்காத மாவும்

சித்திரை மதியத்தில் காற்று நின்றுபோனால் கோட்டக்குப்பத்தில் பவுடர் டப்பாவைத் தேடாத கை இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வேர்வை காய மறுக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் ஒன்று, முல்தானி மட்டி. பவுடர் ‘கெமிக்கல்’, மட்டி ‘இயற்கை’ என்று பிள்ளைகள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டுமே பூமியில் வெட்டியெடுப்பவை, அதுவும் நம் நாட்டில் பெரும்பாலும் ராஜஸ்தானத்தில், என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

ஒருநாள் இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றில் மட்டிக் கட்டியைப் போட்டதும் பொடிப்பொடியாகக் குமிழி விட்டது, ஓரம் உதிர்ந்தது, சற்று நேரத்தில் முழுவதும் குழைந்து சேறாகிவிட்டது. மற்றதில் தூவிய பவுடர் தண்ணீரைத் தொடவே விரும்பாததுபோல மேலே ஆடைகட்டி மிதந்தது. ஸ்பூனால் கலக்கியும் பாதி மேலே வந்துவிட்டது.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடும்பம்: தாள்களை அடுக்கியதுபோன்ற சிலிகேட் கனிமங்கள். மட்டியில் மிகுதியாக இருப்பது மான்ட்மோரில்லோனைட். அதன் தாள்களில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சரிக்கட்ட இடுக்குகளில் சோடியம், கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தேடித் தண்ணீர் உள்ளே நுழையும், மண் உப்பும். எண்ணெயையும் அது பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் கம்பளியின் ஆட்டுக் கொழுப்பை எடுக்க இதே வகை மண்ணைத்தான் பயன்படுத்தினார்கள். பவுடரில் இருக்கும் டால்க்கின் தாள்களில் மின்னூட்டம் இல்லை. தண்ணீருக்கு அங்கே வேலையும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அவ்வளவுதான். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 1, கடைசி இடம். நம் கல்சட்டிக்கான மாக்கல்லிலும் முக்கியமாக இருப்பது இதே டால்க்தான். வத்தக்குழம்பு கொதிக்கும் சட்டியும் கழுத்தில் கொட்டிக்கொள்ளும் பொடியும் ஒன்றே என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

ஆக, பவுடர் வேர்வையைக் குடிக்கிறது என்பது நம் நினைப்பு. தோலோடு தோல் உரசாமல் வழுக்கிவிடுவதுதான் டால்க்கின் வேலை. உறிஞ்ச வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள் மாவுச்சத்து போன்றவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஆபத்து என்று வந்தால் டால்க்கின் வழக்கு பெரியது. தகராறு அதன் அண்டை வீட்டாரால் ஆரம்பித்தது. பாறையில் சில இடங்களில் டால்க்கோடு ஒட்டியே ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கிடக்கும். சுரங்கத்தைச் சரியாகத் தேர்ந்து, சோதித்து எடுக்காவிட்டால் அவையும் டப்பாவுக்குள் வரும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் 2020இல் அங்கேயும் கனடாவிலும் டால்க் பேபி பவுடர் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. தன் டால்க் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டே 2023இல் உலகம் முழுக்கச் சோளமாவுக்கு மாறியது. 2024இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டால்க்கை 2ஏ பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் வைத்தது. மனிதர்களிடம் கிடைத்த சான்று கருப்பைக்குப் பக்கத்துச் சினைப்பை பற்றியது, அதுவும் அரைகுறைதான். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் பானமும் அதே 2ஏதான் என்பதால் டீக்கடைக்காரர்களும் நானும் பதறவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே டால்க் போடுவதை விட்டுவிடலாம் என்பது என் முடிவு.

குழந்தை விஷயத்தில் அதைவிடக் கறாராக இருக்கிறேன். புற்றுநோய்க்காக அல்ல, மூச்சுக்காக. டப்பாவைத் தட்டும்போது எழும் புகைமூட்டம் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். “பவுடர் போடலைன்னா புள்ளைக்கு வேர்க்குரு வந்துடாதா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். மெல்லிய பருத்திச் சட்டையும் ஒரு விசிறியும் போதும் அக்கா என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

மட்டிக்கு இப்படி உலகறிந்த வழக்கு கிடையாது என்பதாலேயே அது சாது ஆகிவிடாது. குழைத்துப் பூசுவதால் பறக்காது; அது பெரிய சௌகரியம். ஆனால் சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அதில் குவார்ட்ஸ் தூசும் இருக்கலாம். முகத்தில் வெடிக்கும்வரை காயவிட்டால் தோலுக்கு வேண்டிய எண்ணெயையும் சேர்த்து இழுத்துவிடும். வறண்ட தோலுக்கு இது வேண்டவே வேண்டாம். ஆறாத புண்ணில் பூசக்கூடாது. சுத்திகரிக்காத மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் பக்கம் வீக்கத்துக்கு உரசிப் போடும் நாமக்கட்டிக்கும் இதே விதிதான், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜடேரி நாமக்கட்டியாகவே இருந்தாலும்.

மட்டியின் மெய்யான சிக்கல் வாயில் இருக்கிறது. மண்வாசனைக்கு ஏங்கி, மசக்கையில் இதை நறுக்கென்று கடிப்பவர்கள் உண்டு. மண்ணில் கிடக்கும் ஈயமும் ஆர்சனிக்கும் புண்ணில்லாத தோலைத் தாண்டிப் போவது சிரமம். வயிற்றுக்குள் போனால் கதை வேறு. போதாக்குறைக்கு உணவிலிருக்கும் இரும்புச்சத்தையும் மண் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடும், இரத்தசோகைக்காரருக்கு அது இரட்டை அடி. பவுடர் டப்பாவிலாவது உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இருக்கின்றன. என் பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் காலை பார்த்தேன். மட்டிக் கிண்ணத்தில் அடியில் வழவழவென்று சேறு படிந்திருந்தது. அதைச் செம்பருத்தித் தொட்டியில் கொட்டினேன். மற்றக் கிண்ணத்தில் பவுடர் ஆடை அப்படியே மிதந்துகொண்டிருந்தது.