எல்.இ.டி. டிம்மர் (மைக்ரோகன்ட்ரோலர் வகை)

12 வோல்ட் எல்.இ.டி. பட்டை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மின்சுற்று. பெரும்பாலும் ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையைக் கொண்டு அமைக்கப்படுகிறது. இந்தச் சுற்று மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. விளக்கை நொடிக்குச் சுமார் 490 முறை அணைத்து ஏற்றுகிறது. எரியும் நேரத்தின் பங்கு 0 முதல் 255 வரையான எண்ணால் குறிக்கப்படும். கண்ணுக்குத் தெரிவது சராசரி ஒளி மட்டுமே.

பலகையின் ஒரு முனை 20 மில்லி ஆம்பியர் அளவே பாதுகாப்பாகத் தரும். ஆகவே விளக்கின் மின்னோட்டத்தை சுவிட்ச் போலச் செயல்படும் ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டும். 5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் போன்றது நல்லது. 10 வோல்ட் கேட்கும் வகைகள் அரைகுறையாகத் திறந்து சூடேறும். பலகைக்கும் விளக்குக்குமான இரு மின்வழங்கிகளின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது கண்ணின் இயல்பை. 128 என்ற எண் பாதி வெளிச்சமாகத் தோன்றாது, ஏறக்குறைய முக்கால் வெளிச்சமாகத் தோன்றும். இதை ஈடுகட்டும் காமா திருத்த அட்டவணை ஒன்றை நிரலில் சேர்த்தால்தான் வெளிச்சத்தை மாற்றும் குமிழைத் திருகும்போது ஒளி சீராக ஏறும். மங்கலான நிலையில் வெளிச்சம் சீராக மாறாமல் துள்ளினால், 9, 10ஆம் முனைகளை இயக்கும் 16 பிட் டைமரைப் பயன்படுத்தலாம்.

230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக எரியும் பல்புகளை இந்தச் சுற்றில் ஒருபோதும் இணைக்காதீர்கள்.