வன்முறை விளையாட்டுகளும் இளையோரும்: காவிரி டெல்டா

அடிதடி, கொலை, துப்பாக்கிச் சண்டை நிறைந்த திரைப்படங்களும் வீடியோ விளையாட்டுகளும் சிறுவர் மனத்தையும் நடத்தையையும் எவ்வளவு மாற்றுகின்றன என்று உளவியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமங்களில் இந்த வாதம் வீட்டுக்குள் நுழைந்தது 2010-களின் பிற்பாதியில்தான். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. பிளேஸ்டேஷனையோ விளையாட்டுக் கணினியையோ பார்த்திராத பிள்ளைகளுக்கு முதல் விளையாட்டுக் கருவியாகக் கைப்பேசி வாய்த்தது.

மேடையும் திரையும்

வன்முறைக் கதை டெல்டாவுக்குப் புதிதல்ல. தஞ்சாவூருக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளாவில் வேங்கடராம சாஸ்திரியின் ‘பிரகலாத சரித்திரம்’ இரவு நெடுக நடிக்கப்படுகிறது. இரணியன் முன் நரசிம்மர் தோன்றுவதுதான் அதன் உச்சம். நரசிம்ம முகமூடி வழிபாட்டுக்குரியது. அதை அணிபவர் அன்று விரதம் இருப்பார். அங்கே குழந்தைகள் நரசிம்மரின் சினத்தைப் பார்ப்பது பெரியவர்கள் சூழ, முன்பே தெரிந்த ஒரு கதைக்குள்.

சினிமாவுக்கு வரம்பைச் சட்டம் வகுத்தது. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி படங்கள் தணிக்கைச் சான்று பெற்றாக வேண்டும். 2023-இல் வந்த திருத்தம், பெற்றோர் வழிகாட்டுதலுடன் சிறார் பார்க்கத்தக்க யு/ஏ பிரிவை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான ‘கூலி’ படத்துக்கு, வயது வந்தோருக்கு மட்டுமான ஏ சான்று கிடைத்தபோது, யு/ஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது, மனு தள்ளுபடியானது. சில வாரங்களில் அதே படம் ஓடிடியில் வந்துவிட்டது. திரையரங்கு வாசலில் வயது கேட்க ஆள் உண்டு, கைப்பேசியில் அந்த வேலை பெற்றோருடையது.

பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும்

2018-இல் வந்த பப்ஜி மொபைலில் 100 பேர் பாராசூட்டில் ஒரு தீவில் இறங்கி, ஆயுதம் தேடி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவார்கள். கடைசிவரை மிஞ்சுபவரோ அணியோ வெற்றி பெறும். சிங்கப்பூரின் கரேனா நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஃப்ரீ ஃபயரில் 50 பேர்தான். ஓர் ஆட்டம் ஏறக்குறைய 10 நிமிடத்தில் முடிந்துவிடும். விலை குறைந்த கைப்பேசியிலும் அது ஓடியது. சிற்றூர்களில் ஃப்ரீ ஃபயர் பரவ இதுவே வழிவகுத்தது.

2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பரிலும், கீழ் வகுப்புகள் நவம்பரிலும் மீண்டும் திறந்தன. இடையில் ஆன்லைன் வகுப்புக்கென்று பல வீடுகளில் கடன்பட்டும் கைப்பேசி வாங்கினார்கள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பிறகு பாடமும் ஆட்டமும் ஒரே திரையில்தான்.

இவ்விளையாட்டுகளைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. நடுவில் எழுந்தால் கூட்டாளிகளின் அணி தோற்கும், தரவரிசை இறங்கும். ‘சாப்பிட வா’ என்ற அழைப்பு சண்டையில் முடிவதற்கு, திரையில் ஓடும் ரத்தத்தைவிட இந்த அமைப்புக்கே பங்கு அதிகம். துப்பாக்கிக்கும் உடைக்கும் புதுத் தோற்றம் தரும் ‘ஸ்கின்’கள், அவற்றை வாங்க ‘டயமண்ட்’கள் என்று பணம் போகும் வழி தனி.

ஆய்வுகள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் நடத்திய சோதனையில், காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த சிறுவர்கள் தாமும் அதையே செய்தார்கள். பொம்மையை அடிப்பது மனிதரை அடிப்பதாகுமா என்ற எதிர்க்கேள்வி அன்றே எழுந்தது. கிரெய்க் ஆண்டர்சனும் பிராட் புஷ்மனும் 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, வன்முறை விளையாட்டு முரட்டு எண்ணங்களையும் நடத்தையையும் கூட்டுகிறது என்றார்கள். ஆனால் இத்தகைய ஆய்வகச் சோதனைகள் அளப்பது, ஆடியவர் எதிராளியின் காதில் எவ்வளவு உரக்க ஒலி எழுப்புகிறார், அவருக்கு எவ்வளவு காரச் சாஸ் ஊற்றுகிறார் என்பன போன்றவற்றைத்தான்.

2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் சிறாரை ஆராய்ந்தபோது, வன்முறை விளையாட்டுக்கும் அவர்களின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. 2015-இல் முரட்டு நடத்தையோடு தொடர்பு உண்டென்று தீர்மானம் நிறைவேற்றிய அமெரிக்க உளவியல் சங்கம், கொலை, துப்பாக்கிச்சூடு போன்ற குற்றங்களுக்கு விளையாட்டைக் காரணமாக்க அறிவியல் ஆதாரம் போதாது என்று 2020-இல் தெளிவுபடுத்தியது.

கட்டுப்பாடு இழந்து ஆடுவது பற்றி மருத்துவ உலகில் இதைவிடத் தெளிவு உண்டு. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் அமைவது, கேடு தெரிந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். வழக்கமாக 12 மாதமேனும் இந்நிலை நீடித்தால்தான் கோளாறு என்பார்கள். ஆட்டத்தில் வன்முறை உண்டா என்பது இந்த வரையறையில் இடம்பெறவே இல்லை.

தடைகளும் காரணங்களும்

தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. அக்கிளை 2017-இல், சிறாரைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூ வேல்’ சவாலைத் தானாக முன்வந்து விசாரித்தது. 2019 ஏப்ரலில் டிக்டாக் காணொளிச் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, அதே மாதம் விலக்கியது.

2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் மத்திய அரசால் முடக்கப்பட்டன. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு, வன்முறை அல்ல. 2021 ஜூலையில் பப்ஜியின் இந்திய வடிவம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தபோது ரத்தம் பச்சை நிறமானது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்ற வரம்பும் சேர்ந்தது. பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது.

தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் 2025-இல் வந்த விதிகள் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்கு உட்பட்டோரை விலக்கின. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நுழைவை மூடின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பண விளையாட்டுகளை அடியோடு தடைசெய்தது. பந்தயப் பணமில்லாத துப்பாக்கி ஆட்டங்களை இவ்விரண்டு தடைகளும் தொடவில்லை. வெளியிடும் முன் பார்த்துச் சான்றளிக்கத் திரைப்படத் தணிக்கை போன்ற அமைப்பும் விளையாட்டுகளுக்கு இல்லை. செயலிக் கடையில் காட்டப்படும் வயது மதிப்பீடும் பெற்றோர் இடும் பூட்டும்தான் நடைமுறையில் உள்ள தடுப்புகள்.

உதவி

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே 2014-இல் ‘ஷட்’ என்ற சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, வீட்டுப் பணம் காணாமல் போவது ஆகியவை தொடர்ந்தால் டெல்டாவின் பெற்றோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சிறார் உதவிக்கான எண் 1098.